வீங்க மறுத்த கை

ஆஸ்துமாவுக்கு ஊசி வந்திருக்கிறதாம். எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதையே துளித்துளியாய் ஏற்றி உடம்பைப் பழக்கிவிடுவார்களாம். பேப்பரில் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது ஒரகடத்தில் கார் சீட்டுக்கு ஃபோம் ஊற்றும் லைனில் இருந்தேன். ஷிப்டுக்குப் போனால் மூச்சு இரைக்கும், லீவில் அடங்கும்.

டாக்டரம்மா என் கையில் வரிசையாகச் சொட்டு வைத்துக் குத்தினார். எது வீங்குகிறதோ அதற்குத்தான் ஊசி. எதுவுமே வீங்காவிட்டால்? பயத்தில் மனைவியின் விரல்களை நசுக்கினேன்.

"யோவ், என் கைதான் வீங்கிடும் போல கீது!"

கடைசிச் சொட்டு போண்டாவாய் உப்பியது. துள்ளி எழுந்தேன்.

"உட்காருங்க சார். அது எல்லாருக்கும் வீங்கும், டெஸ்ட் சரியான்னு பார்க்க வைக்கிறது. தூசு, மகரந்தம் எதுவும் உங்களுக்கு அலர்ஜி இல்ல. உங்களுக்கு ஆகாதது அந்த ஃபோம் கெமிக்கல். அதுக்கு ஊசி கிடையாது. வேலையை மாத்துங்க."

இந்த வயசில் எவன் வேலை தருவான்?

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: "இப்ப இன்னா பண்ணப் போற?"

"துளித்துளியா ஏத்துனா பழகுமாம். நான் பேரல் பேரலா ஏத்திக்கினு பழகறேன்."

அவள் இன்ஹேலரை என் சட்டைப் பையில் போட்டாள். செகண்ட் ஷிப்ட் பஸ் வந்துவிட்டது.