எத்தனை ஜார் என்று நாங்கள் கேட்கவில்லை

சென்னை மேனாம்பேட்டில் குடியிருந்தபோது எங்கள் பழைய மிக்ஸிக்கு வயதாகிவிட்டது. சப்பாத்தி மாவும் பிசையும் ஃபுட் பிராசஸர் வாங்கலாம் என்றார் என் கணவர். ஜூஸ் அடிக்கிற பிளெண்டர் என்றாள் மகள். மூன்று ஜார் மிக்ஸியே போதும் என்றேன் நான்.

அந்தப் பேச்சு முடிவதற்குள் ஒருநாள் காலை, சட்னி அரைக்கும்போது கரண்ட் போய்விட்டது. சுவிட்சை அணைக்காமல் மூடியைத் திறந்து, ஒட்டியிருந்த தேங்காயை விரலால் வழித்துக்கொண்டிருந்தேன். "அக்கா, உங்க ஊட்லயும் கரண்ட் பூட்ச்சா?" என்று பக்கத்து வீட்டு பாத்திமா வாசலில் குரல் கொடுத்தாள். கையை எடுத்துவிட்டுத் திரும்பினேன். அந்த நொடியில் கரண்ட் வந்தது. மிக்ஸி உறுமி, சட்னி கூரைவரை தெறித்தது.

பாத்திமா ஓடிவந்து என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "கரண்டும் மாமியாரும் சொல்லிகினு வராதுக்கா" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

என் கணவர் பாடி தொழிற்பேட்டையில் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். "எங்க மெஷினு ரெண்டு கையாலயும் பட்டன அமுக்கினாத்தான் எறங்கும், கை உள்ள மாட்டாது. ஊட்ல அப்டி ஒண்ணு இல்லியேம்மா" என்றார்.

கடைக்குப் போனதும், "மூடி பூட்டலன்னா ஓடாதது எது கீது?" என்று கேட்டார்.

"எல்லாரும் எத்தினி ஜாருன்னு கேப்பாங்க, நீ மூடியக் கேக்கற அண்ணாத்தே!" என்று சிரித்த கடைக்காரர், ஒரு ஃபுட் பிராசஸரை ஓட்டிக் காட்டினார். மூடியைத் திருகிப் பூட்டினால்தான் ஓடியது. அதையே வாங்கினோம். சட்னி கொஞ்சம் நறநறவென்றுதான் வருகிறது, பரவாயில்லை.

இப்போதும் கரண்ட் போனால் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன். விசிறியைத் தேடுவதெல்லாம் அப்புறம்தான்.