பள்ளி பார்க்கப் போன நாள்

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதற்கு எங்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. தனியே போகக்கூடாது, வெறுங்கையோடும் போகக்கூடாது. நான் சேர ஆசைப்பட்ட உயர்நிலைப் பள்ளியைப் பெற்றோர் வந்து பார்க்கலாம் என்றதும் அம்மா அந்த முறையையே கையாண்டார். அப்பா, சித்தி, மாமா, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பெட்டி பயற்றம் பணியாரம் சகிதம், நோர்வேயில் நாங்கள் குடியிருந்த வெஸ்ட்லியில் மெட்ரோ ஏறினோம். எனக்குப் பதினைந்து வயது. இரண்டு பக்கத்து உறவிலும் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான் என்று இன்று தலை நிமிர்ந்து சொல்வேன். அன்று அது உறுதியாகியிருக்கவில்லை.

நடுவில் ரயில் மாறி ஹவுகெட்டோவில் இறங்கியபோது பனி விழுகிறதா, மேலே போகிறதா என்று தெரியவில்லை. மரங்களுக்கு நடுவே ஒரு மஞ்சள் மரவீடு. யன்னல்களில் மெழுகுதிரி. அதுதான் பள்ளி. அதன் முழு மாணவர்களையும் எங்கள் வீட்டுப் பிறந்தநாள் ஒன்றில் ஒரே பந்தியில் இருத்திவிடலாம்.

“இது பள்ளிக்கூடமோ, ஆரோ ஒராளின்ரை கோடை வீடோ?” என்றார் மாமா.

“சனமில்லாத கடையிலை மீன் வாங்கப்படாது,” என்றார் அம்மா.

எனக்கோ, நான் வராத நாளில் ஒரு கதிரை வெறுமையாகத் தெரிகிற இடம் வேண்டியிருந்தது.

தலைமையாசிரியர் தானே வாஃபல் சுட்டுக்கொண்டிருந்தார். எதையும் மறைக்கவில்லை. இன்னும் ஒருவராவது சேராவிட்டால் ஓகஸ்டில் முதலாமாண்டு வகுப்பே திறக்காது என்றார். சுவரில் உலகப் படம். மாணவர்களின் குடும்பங்கள் வந்த ஊர்களில் குண்டூசிகள்: சோமாலியா, போலந்து, வியட்நாம், வட நோர்வேயின் ஒரு மீன்பிடிக் கிராமம். அம்மாவும் அப்பாவும் விட்டுவந்த எங்கள் தீவு வெறுமையாக இருந்தது.

“எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?” அம்மா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

பிறகு வகுப்பறையில் இருந்தோம். அம்மா முன் வரிசைக் கதிரையில், குளிரங்கியைக் கழற்றாமல், மேசைமேல் உள்ளங்கையை விரித்தபடி இருந்தார். வந்தவர்களில் யார் அடுத்த வருடம் இங்கே படிக்க விரும்புகிறீர்கள், கையை உயர்த்துங்கள் என்று தலைமையாசிரியர் நொஸ்கில், அதாவது நோர்வே மொழியில், கேட்டார்.

அம்மாவின் கை உயர்ந்தது.

“அக்கா! பிள்ளையை எல்லோ கேக்கிறார். கையை இறக்குங்கோ!” சித்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மாமா, “எந்த வகுப்பிலை சேர்க்கிறது?” என்றார். தலைமையாசிரியர் மட்டும் சிரிக்கவில்லை.

அம்மா கையை இறக்கவில்லை. மற்றக் கையால் என் கையைப் பிடித்து உயர்த்தினார். அதன் பிறகுதான் தன்னுடையதை இறக்கினார். தலைமையாசிரியர் குண்டூசிப் பெட்டியை அவரிடமே நீட்டினார்.

திரும்பும் ரயிலில், அம்மாவுக்கு நொஸ்க் விளங்கவில்லை என்று எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். முதியோர் இல்லத்தில் நாள் முழுவதும் நொஸ்க் கதைத்து வேலை செய்கிறவர் அவர். சிறுவயதில் அவர் வகுப்பறையில் இருந்திருக்கிறார், படிக்க அல்ல, போரில் இடம்பெயர்ந்து தங்க வந்து, கரும்பலகைக்குக் கீழே மூட்டிய அடுப்பைப் பார்த்துக்கொண்டு. இவையெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயங்கள்தான்.

அம்மாவும் எங்களோடு சிரித்தார். வகுப்பில் உயர்த்திய வலது கைக்கு மட்டும் கையுறை போடாமல் மடியில் வைத்திருந்தார். குளிரவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். நான் யன்னலில் பனியைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.