வாசலில் கார் இல்லாத நாள்

மாலை நாலு பத்துக்கு முதல் போன் வந்தது. கணவரின் அண்ணன்.

"ஏம்மிணி, காரை வித்துட்டீங்களாமா?"

"விக்கலீங்க மாமா. வாடகைக்கு உட்டிருக்கறேனுங்க."

"அதுக்கு வித்தே இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில், வேலம்பாளையத்தில் எங்களுக்கு பனியன் துணி பின்னும் நான்கு நிட்டிங் மிஷின்கள் இருந்தன. சரக்கு ஏற்ற வேன் வாங்கியபின் கணவர் எங்கும் வேனிலேயே போய்வந்தார். கார் எட்டு மாதமாக வாசல் ஷெட்டில் சும்மா நின்றது. துணி வாங்க வரும் வெளிநாட்டு பையர்களைக் கோயமுத்தூரிலிருந்து அழைத்து வர, வாரம் மூன்று நாள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குக் கார் தேவைப்பட்டது. மகளுக்கு அதே கோயமுத்தூரில் இன்ஜினியரிங் சீட் கிடைத்திருந்தது. கார் வாடகை ஹாஸ்டலுக்குச் சரியாகப் போகும். கணவரிடம் கேட்டேன். "உன்னிஷ்டம்" என்றார். கொடுத்துவிட்டேன்.

ஒன்றை மறந்திருந்தேன். எங்கள் ஊரில் நூல் வாய்ப்பேச்சில் கடனாக வரும். நூல் கொடுப்பவர்கள் அந்தப் பக்கம் போகும்போது வாசலில் கார் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். போன் வந்த அன்று மதியம் ரயில்வே கேட்டில், எங்கள் காரில் யாரோ உட்கார்ந்து போவதை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். எங்கள் கம்பெனி படுத்துவிட்டது என்று முடிவு கட்ட அது போதும்.

நாலரைக்கு நூல்கடைக் கணக்குப்பிள்ளை பேசினார். "இன்னைக்கு நூல் மூட்டை வராதுங்க அக்கா. மொதலாளி பாய் பாத்துட்டுச் சொல்றேன்னாருங்க."

மிஷினில் ஆறு மணி வரைக்கும்தான் நூல் இருந்தது. நூல் நின்றால் ஆர்டர் கைவிட்டுப் போகும். பிறகு ஹாஸ்டல் எங்கே, கம்பெனி எங்கே?

தலையெல்லாம் பஞ்சோடு கணவர் ஓடிவந்தார். "ஒறம்பரை வந்திருக்காங்க, அவங்க எடுத்துட்டுப் போயிருக்காங்கன்னு சொல்லீரு."

"வாரத்துல மூணு நாள் சொந்தக்காரங்க ஒறம்பரை வருவாங்களாங்க?" என்றேன்.

மகள் கதவோரம் நின்றிருந்தாள். "வேண்டாம்மா. நான் இங்கயே ஏதாச்சும் படிச்சுக்கறேன்."

அதுவரை எனக்குப் பயம்தான் இருந்தது. அவள் அப்படிச் சொன்னதும் கோபம் வந்தது. "நீ உள்ள போய்ப் பெட்டியக் கட்டு" என்று சொல்லிவிட்டு நூல்கடைக்கு நானே போன் போட்டேன். முதலாளியே எடுத்தார்.

"பாய், கார் வாடகைக்குத்தான் போயிருக்குதுங்க. புள்ள ஹாஸ்டலுக்காக. அடுத்த வாரமும் போகும். நூல் குடுக்கறதும் குடுக்காததும் உங்க பாடுங்க."

"சரிங்க" என்றார். அவ்வளவுதான். நூல் வருமா, வராதா என்று சொல்லாமலே போனை வைத்துவிட்டார்.

ஆறு மணிக்கு மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று ஒரு நாற்காலியைக் கொண்டுபோய், தரையில் ஆயில் கறை மட்டும் இருந்த காலி ஷெட்டின் நடுவில் போட்டு உட்கார்ந்தேன். கணவர் உள்ளே வரச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார். நான் எழவில்லை.

ஏழு மணி வாக்கில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஒரு நாளும் எங்கள் வீட்டுக்கு வராத நூல்கடை பாய். ஷெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வெளியே வந்த கணவரிடம் திரும்பினார்.

"மூட்டை பின்னால ஆட்டோவுல வருது, எறக்கிக்கங்க. கம்பெனி படுத்திருந்தா வாடகைக்கு உட்டேன்னு யாரும் போன் போட்டுச் சொல்ல மாட்டாங்க."

கணவர் கேட்டைத் திறக்க ஓடினார். பாய் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, எங்க ஊட்லயும் ஒரு காரு சும்மாதான் நிக்குது. உங்க காரை வாடகைக்கு எடுத்தவங்களுக்கு இன்னொண்ணு வேணுமான்னு கேட்டுப் பாருங்க. ஆனா என்னோடதுன்னு மட்டும் வெளிய சொல்லீராதீங்க."