முதல் நாள் தொட்ட வேலை

வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கு முதல் நாள்தான் முக்கியம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருந்தாள். எனக்கு வேலைக்கு ஒரு வீட்டைப் பிடித்துக் கொடுத்ததே அவள்தான். விருத்தாசலத்தில் பல வருஷமாக வீட்டு வேலை செய்கிறவள்.

"இங்க பாரு, மொத நாளு எதத் தொடுறியோ அது ஒன்னோட வேல. அப்பறம் அழுதாலும் வுட மாட்டாங்க. பாத்திரம், பெருக்கித் தொடைக்கிறது, துணி. மூணுதான் பேசியிருக்கேன். நாலாவதா ஒண்ண எடுத்தீன்னா கைய ஒடச்சிப்புடுவேன்" என்றாள்.

நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு எப்போதும் நன்றாக வரும்.

முதல் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு அந்த வீட்டு வாசலில் இருந்தேன். எங்கள் ஊர் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து முதல் பஸ் அந்த நேரத்துக்குத்தான் கொண்டுவந்து விடும். கேட் திறந்திருந்தது. உள்ளே விளக்கில்லை. பெல் அடிக்கக் கூச்சமாக இருந்தது. சும்மா நிற்பது அதைவிடக் கூச்சமாக இருந்தது. நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். குழாயடியில் ஒரு வாளியும், ஜன்னல் விளிம்பில் கோலமாவு டப்பாவும் கண்ணில் பட்டன. வாசலைப் பெருக்கித் தெளித்து, ஏழு புள்ளி வைத்து ஒரு கோலம் போட்டேன். கைக்கு ஒரு வேலை இருந்தால் யாரும் பார்ப்பதில்லை.

கதவைத் திறந்த அந்த வீட்டு அம்மா, "ஐயோ அக்கா, எவ்ளோ அழகா போட்டிருக்கீங்க!" என்று சொல்லி போனில் படம் எடுத்துக்கொண்டார். நாலாவது வேலை அங்கேயே என் தலையில் ஏறிவிட்டது.

அந்த அம்மாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சிறியவர். ஏதோ ஆபீசில் வேலை, இரண்டு பிள்ளைகள். அவருடைய வீட்டுக்காரர் வெளியூரில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி வருகிறவர். அந்த அம்மா காலையில் ஒரு கையில் தோசைக் கரண்டியும் ஒரு கையில் சீப்புமாக ஓடுவார். என்னை ஒரு நாளும் ஒருமையில் பேசியதில்லை. அக்கா என்றுதான் கூப்பிடுவார். அதுதான் எனக்குக் கஷ்டம். அதட்டி வேலை வாங்கினால் மனசுக்குள்ளாவது முறைத்துக்கொள்ளலாம். "அக்கா, ஒரே ஒரு வேலைக்கா" என்று சிரித்துக்கொண்டே வந்து நின்றால் என்ன செய்வது?

அந்த ஒரே ஒரு வேலை ஒரு நாள் பூண்டு உரிப்பதாக இருக்கும். ஒரு நாள் ஃபிரிட்ஜைத் துடைப்பது. ஒரு நாள் சின்னப் பெண்ணுக்கு ஜடை பின்னுவது. மறுநாள் அதைச் சொல்லவே மாட்டார். சொல்லாமலே பூண்டு தட்டு மேடையில் இருக்கும், பெண் ரிப்பனோடு என் பக்கத்தில் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளும். பாத்ரூம் எப்படி என் வேலையானது என்று எனக்கே நினைவில்லை.

இதற்கு முன்பு நான் பீங்கான் கம்பெனியில் இருந்தேன். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைக் கப்புகளில் பிசிறு சுரண்டி, ஈரப் பஞ்சால் ஓரம் துடைத்துக் கொடுக்கிற வேலை. பதினைந்து வருஷம். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போனது, மண் தூசியில் இருமல் வந்தது, எல்லாம் உண்மை. ஆனால் அங்கே பலகை வரும், கப்பு இருக்கும், துடைத்தால் தீர்ந்தது. அடுத்த பலகை வராவிட்டால் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடலாம். பக்கத்தில் இருப்பவளின் பலகையை யாரும் என் முன்னால் தள்ளிவிட்டுப் போனதில்லை. ஆர்டர் குறைந்து எங்களை நிறுத்தியபோது, வீட்டு வேலைதானே, நம் வீட்டில் செய்வதுதானே என்று நினைத்தேன். வீட்டு வேலைக்கு ஓரம் இல்லை என்பது போன பிறகுதான் தெரிந்தது.

நேரம் மட்டும் எனக்குக் கறாராக இருந்தது. என் வீட்டுக்காரர் வாதம் வந்து படுத்துவிட்டார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் குழறல். தானாகப் புரண்டு படுக்க முடியாது. ஒரே பக்கமாகக் கிடந்தால் புண் வரும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும் என்று ஆஸ்பத்திரி நர்சம்மா சொல்லி அனுப்பியிருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்குத் திருப்பிப் போட்டுவிட்டு நான் பஸ் ஏறுவேன். ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஒரு தடவை வந்து திருப்புவாள். அதற்குப் பிறகு அவளும் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். ஒன்பதேகாலுக்குள் நான் போய்விட வேண்டும். அதற்கு எட்டே முக்கால் பெண்ணாடம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதை விட்டால் எனக்குச் சரிப்படுகிற அடுத்த பஸ் பத்தேகாலுக்குத்தான்.

இதை நான் அந்த அம்மாவிடம் சொன்னதில்லை. முதல் நாள் அவர் கேட்கவில்லை, நானாகச் சொல்ல வாய் வரவில்லை. பிறகு சொன்னால், வேலைக்குச் சாக்கு சொல்கிறாள் என்று நினைப்பாரோ என்று இருந்தது. அப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது. பாதி நாள் பஸ் கிடைக்கும், பாதி நாள் கிடைக்காது.

மார்கழி வந்ததும் கிடைக்கவே இல்லை. மார்கழிக் கோலம் ஏழு புள்ளியில் நிற்குமா? அந்தத் தெருவில் வாசலுக்கு வாசல் போட்டி. "எதிர் வூட்ல பதினஞ்சு புள்ளிக்கா" என்பார் அந்த அம்மா. கலர் பொடி வாங்கி வைத்தார். பூசணிப் பூ கிடைக்குமா என்றார். எங்கள் ஊர் வேலியில் கிடக்கிறதே என்று நானே பறித்துக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால் அந்த வீட்டில் எனக்குப் பிடித்த வேலை அது ஒன்றுதான். இருட்டில், குளிரில், யாரும் பேசாத நேரத்தில் மாவு விரலிலிருந்து இறங்குவது எனக்குப் பிடிக்கும். பிடித்ததால்தான் நேரம் போனது தெரியவில்லை. அந்த மாதம் பாதிக்குள் என் வீட்டுக்காரரின் இடுப்பில் இடது பக்கம் தோல் சிவந்து, பிறகு உரிந்து, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புண் வந்துவிட்டது. மருந்து போடும்போது அவர் பல்லைக் கடித்துக்கொள்வார். என்னை எதுவும் கேட்க மாட்டார்.

அப்போதுதான் அந்த வீட்டில் சாவு விழுந்தது.

ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்த அவர்களுடைய சித்தப்பா விடியற்காலையில் இறந்துவிட்டார். அந்த அம்மா உள்ளே போனும் கையுமாக இருந்தார், வாசலுக்கு வரவில்லை; எனக்குத் தெரியாது. வழக்கம்போலப் போனேன், தெளித்தேன், பெரிய கோலமாகப் போட்டுக் கலர் தூவி, சாண உருண்டையில் பூசணிப் பூவைச் செருகி நடுவில் வைத்தேன். பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம். அந்த அம்மாவின் வீட்டுக்காரருடைய அண்ணன். பங்காளி வீட்டில் சாவு என்றால் காரியம் முடிகிறவரை வாசலில் கோலம் கூடாது.

"சித்தப்பா செத்துக் கெடக்கறாரு, இங்க கல்யாண வூடாட்டம் பூ வச்சிருக்கீங்க! யாரு போட்டது இத?" என்று அவர் கத்தியது தெருவுக்கே கேட்டது.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் ஈரக்கையோடு போய், "நாந்தாங்க" என்றேன்.

"வூட்ல எழவு வுழுந்திருக்குது, கோலம் போடலாமா கூடாதான்னு கேக்க மாட்ட?"

கேட்டிருக்கலாம்தான். தினமும் காலையில் போய், உங்கள் வீட்டில் யாராவது செத்தார்களா என்று கேட்டுவிட்டா மாவை எடுப்பார்கள்? இதெல்லாம் பஸ்ஸில் திரும்பும்போது தோன்றுகிற பதில்கள். அங்கே நான் வாளியை எடுத்துக்கொண்டு போய் வாசலைக் கழுவினேன். சிமெண்டுத் தரையில் கலர் பொடி இறங்கியிருந்தது. எவ்வளவு தேய்த்தும் ஒரு சிவப்பு வட்டம் போகவில்லை.

கிளம்பும் அவசரத்திலும் அந்த அம்மா என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. "அஞ்சரைக்கு உங்களுக்கு போன் பண்ணேன்க்கா. யாரோ ஆம்பள எடுத்து என்னமோ ஒளறுனாரு. ராங் நம்பர்னு வச்சிட்டேன்" என்றார்.

எங்கள் வீட்டில் ஒரே போன்தான். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரருடைய இடது கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவேன். எடுத்தது அவர்தான். ஒற்றைக் கையால் எடுத்து, என் பெயரைச் சொல்லி, கிளம்பிவிட்டாள் என்று சொல்ல முயன்றிருப்பார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். "பரவால்லம்மா" என்றேன். அன்று எனக்குக் கிடைத்தது பத்தேகால் பஸ்தான்.

அதற்குப் பிறகு பதினாறு நாள் கோலம் இல்லை. அந்த வீட்டில் பொங்கலும் இல்லை. துக்கத்தில் கோலம் நின்றது எனக்கு லாபமாக வந்தது என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பதினாறு நாளும் எட்டே முக்கால் பஸ்ஸில் நான் இருந்தேன். ஒன்பதேகாலுக்கெல்லாம் அவரைத் திருப்பிப் போட்டேன். கஞ்சி சூடாக இறங்கியது. புண்ணின் ஓரம் காய்ந்து, நடுவில் இளஞ்சிவப்பாகத் தோல் கட்ட ஆரம்பித்தது. தினமும் அதைப் பார்ப்பேன். ஒரு கோலத்துக்குப் போகிற இருபது நிமிஷம் என்றால் என்ன என்று அந்தத் தோலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பதினேழாம் நாள் காலை கதவு முன்பே திறந்திருந்தது. அந்த அம்மா கோலமாவு டப்பாவோடு நின்றார்.

"நேத்தோட காரியம் முடிஞ்சிதுக்கா. இனிமே கோலம் போடலாம். வாசலப் பாக்கவே வெறிச்சுன்னு இருந்துது."

டப்பாவை வாங்கிவிட்டேன். கை தானாக நீண்டுவிட்டது. வாங்கிய பிறகுதான், "வேணாம்மா" என்றேன்.

"என்னக்கா?"

"கோலம் எனக்கு வேணாம்மா."

"அன்னிக்கிப் பெரியவரு பேசுனத மனசுல வச்சிருக்கீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். அவர் வருத்தப்பட்டு விட்டிருப்பார், நானும் தப்பித்திருப்பேன். ஆனால் பத்து நாளில் சமாதானம் சொல்லி மறுபடியும் டப்பாவை நீட்டுவார். அது எனக்குத் தெரியும்.

"அதில்லம்மா. பஸ்ஸு போயிடுது."

"ஒரு பஸ்ஸு போனா இன்னொரு பஸ்ஸுக்கா!"

"அது பத்தேகாலுக்குத்தாம்மா. எங்க வூட்டுக்காரரு படுத்த படுக்கையாக் கெடக்கறாரு. நான் போயித்தான் திருப்பிப் போடணும். இடுப்புல புண்ணு வந்துட்டுது." என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. சத்தமாகப் பேசிவிட்டேனோ என்று பயந்தேன்.

அந்த அம்மா படியிறங்கி என் பக்கத்தில் வந்தார். பிறகு, "அன்னிக்கி போன எடுத்தது…" என்றார்.

"அவருதாம்மா."

"யாரோ குடிச்சிட்டுப் பேசறாங்கன்னு நெனச்சேன்க்கா." டப்பாவை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். "இத்தன நாளு ஏங்க்கா சொல்லல?"

பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

எட்டரை மணிக்குப் பையை எடுத்தபோது, "அக்கா, ஒரே ஒரு வேலை" என்று சமையலறையிலிருந்து பூண்டுத் தட்டோடு வந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, "பழக்கம்க்கா. போங்க, போங்க" என்று தட்டோடு உள்ளே திரும்பிவிட்டார். ஜடையும் பாத்ரூமும் அப்படியே என்னிடம்தான் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே நாளில் பேச எனக்குத் தெம்பில்லை. வெளியே வாசல் ஈரமாக, ஒன்றும் இல்லாமல் இருந்தது. எனக்கும் அதைப் பார்க்க நன்றாக இல்லை.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஒரு சண்டையும் போடவில்லை, நாலு வார்த்தை பேசியதற்கு உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல இருந்தது. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்ததுதான் நினைவிருக்கிறது.

"யம்மா! எங்க எறங்கணும் நீயி?" கண்டக்டர் தோளருகே கம்பியைத் தட்டினார்.

"கருவேப்பிலங்குறிச்சி."

"அது போயி ரெண்டு ஸ்டாப்பு ஆச்சு. வூட்ல தூங்க வுட மாட்டாங்களா ஒன்ன?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். இறங்கி, வந்த வழியே நடந்தேன். ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் எதிரே வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒதுங்கி நின்று, மறுபடியும் நடந்தேன். வேகமாக நடக்க வேண்டும் என்று தெரிகிறது, கால் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகும்போது பத்தாகப் போகிறது. ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா திருப்பிவிட்டபடியே அவர் கிடந்தார். பையைப் போட்டுவிட்டு முதலில் அவரைத் திருப்பினேன். துணியை விலக்கிப் பார்த்தேன். புண் உடையவில்லை, ஈரமாக மட்டும் இருந்தது. துடைத்து மருந்து போட்டேன்.

"பஸ்ஸு?" என்றார். மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம்தான். எனக்கு விளங்கும்.

"கெடச்சிது. ஏறித் தூங்கிட்டேன். ரெண்டு ஸ்டாப்பு தாண்டிப் போயி நடந்து வரேன்."

அவர் வாயின் ஒரு பக்கம் மேலே போனது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"நல்லாத் தூங்குனியா?" என்று கேட்டார்.

"ம், தூங்குனேன்" என்று சொல்லிவிட்டு, கஞ்சியைச் சூடு பண்ண எழுந்தேன்.