நூற்றொரு நாள் கைகள்

2024 ஜூலை 16, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். சோறு வைத்தேன், முதல் நாள் துவைத்த சீருடையை மடித்து வைத்தேன். தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மகள் அதற்குள் கிளம்பியிருந்தாள். 5.30க்குச் சமையலறை மேசையில் நீலத் துணியை விரித்து, குழல்விளக்கின் கீழ் கைகளைப் படம் எடுத்தேன். முதலில் இடது உள்ளங்கை, பிறகு புறங்கை, அதன் பின் வலது. கைப்பேசியில் உள்ள செயலி அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டது. ஆறு. இரவில் எத்தனை முறை விழித்தேன் என்று கேட்டது. இரண்டு. ஏப்ரல் 7 முதல் ஒரு நாளும் தவறவில்லை. அன்று நூற்றோராவது நாள்.

அன்றைக்கு விடுப்பு போட்டிருந்தேன். 10.20க்கு அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மின்னணுப் பலகைகளை உருப்பெருக்கியின் அடியில் வைத்துக் குறை பார்ப்பது என் வேலை. அந்த மேசையில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருக்கிறேன். கையில் எக்ஸிமா என்னும் தோல் அழற்சி வந்து இரண்டு வருடமாகிறது. ஜூன் மாதம் ஒருநாள் கையுறைக்குள் விரல் வெடித்து, ரத்தம் பலகையில் பட்டுவிட்டது. மேற்பார்வையாளர் நல்ல பையன். "அக்கா, அடுத்த மாசக் கடைசிக்குள்ள டாக்டர் லெட்டர் கொண்டு வாங்க. இல்லன்னா மேல சொல்லிட்டாங்க, உங்கள ஸ்டோருக்கு மாத்திடுவாங்க," என்றான். ஸ்டோரில் பெட்டி எண்ண வேண்டும். பலகையைப் பார்க்கவே முடியாது.

செயலியை ஏற்றிக் கொடுத்தது மகள்தான். எனக்கு எதற்கு, நாட்குறிப்பு இருக்கிறதே என்றேன். பழைய நாட்குறிப்புகளைப் புரட்டினேன். 'கை பரவாயில்லை', 'கை மோசம்' என்று மாறி மாறி எழுதி வைத்திருக்கிறேன். எவ்வளவு மோசம், எந்த இடத்தில், எதுவும் இல்லை. தொழிற்சாலையில் ஒருவர் இப்படி எழுதிக் கொடுத்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஜூலை 7, ஞாயிறு மாலை, மகள் என் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் விரலை நிறுத்தினாள்.

"ம்மா, ஏப்ரல் இருபத்து மூணு. இது யாரு கை?"

"என் கைதான்."

"பளபளன்னு இருக்கு. அன்னைக்கு என்ன நாள்?"

டாக்டரைப் பார்த்த நாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. ஒவ்வொரு சந்திப்புக்கும் ஐந்து நாள் முன்பே, ரொம்ப மோசமானால் மட்டும் பூசச் சொன்ன களிம்பை இரண்டு வேளை பூசுவேன். இரண்டு நாள் விடுப்பு எடுப்பேன். பாத்திரத்தை அவளைக் கழுவச் சொல்வேன். டாக்டர் கையைத் திருப்பிப் பார்ப்பார், நன்றாக இருக்கிறது என்பார், அதே மருந்தை எழுதுவார். ஆறு நிமிடத்தில் வெளியே வந்துவிடுவேன்.

"ஆஸ்பத்திரிக்கு அலங்கோலமா போக முடியுமா?" என்றேன்.

"சரி, ஆடிட்டுக்கு முந்தின நாள் மட்டும் மெஷின துடைச்சு வெக்கிறவங்கள நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ரிப்போர்ட் எழுதுவேன்."

"எழுதுங்க அப்ப," என்று கைப்பேசியை என்னிடம் நீட்டினாள்.

சந்திப்புக்கு இருந்த ஒன்பது நாளும் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு பொட்டுக்கூடப் பூசவில்லை. விடுப்பும் எடுக்கவில்லை. செயலியில் டாக்டரிடம் கேட்பதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. பதினொரு கேள்வி எழுதினேன். மகள் மூன்றாக வெட்டினாள். முதல் கேள்வி, நான் இந்த வேலையில் இருக்க முடியுமா என்பது.

பேருந்தில் கைகளைக் கைப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். டாக்டரின் அறையில் அவற்றை எடுத்து மேசைமேல் வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. டாக்டர் இளவயது மலாய்க்காரப் பெண். பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆண்ட்டி, இத இவ்வளவு நாளா எங்க வெச்சிருந்தீங்க?" என்று மலாயில் கேட்டார்.

களிம்பு விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "நெறைய பேர் அப்படித்தான் செய்றாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, கைப்பேசியை வாங்கி நூற்றொரு நாளையும் பார்த்தார். ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கள் காலையில் எண் மூன்று, நான்கு. வியாழன், வெள்ளியில் ஏழு. பிறகு ஒரு படத்தைப் பெரிதாக்கி என் பக்கம் திருப்பினார். மணிக்கட்டில் சிவப்பு ஒரே நேராக நின்றிருந்தது, அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. தினமும் அதைப் படம் எடுத்தும் அது என்னவென்று எனக்குத் தோன்றவில்லை.

"கையுறை எதுவரைக்கும் வரும்?"

"இது வரைக்கும்."

கையுறையில் சேர்க்கும் ஏதோ ஒரு பொருள் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, முதுகில் ஒட்டிப் பார்க்கும் சோதனை வேண்டும் என்றார். ஆகஸ்டில் தேதி கொடுத்தார். அதுவரை அந்தப் பொருள் சேராத வேறு வகைக் கையுறையும் உள்ளே பருத்திக் கையுறையும் தந்து, அதே மேசையில் இருக்க விடலாம் என்று கடிதம் எழுதினார். இருபத்திரண்டு நிமிடம் உள்ளே இருந்தேன்.

கடிதத்தைப் படம் எடுத்து மேற்பார்வையாளருக்கு அனுப்பினேன். 4.15க்குப் பதில் வந்தது. "ஓகே அக்கா. வேற கிளவுஸ் கேட்டிருக்கேன், நாளைக்குக் கெடைக்கும். சோதனை முடியிற வரைக்கும் மேசைய மாத்த மாட்டாங்க."

மாலை மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ரிப்போர்ட் பாஸா?" என்றாள். ஆகஸ்டில்தான் தெரியும் என்றேன். அன்று பாத்திரத்தை அவளாகவே கழுவினாள்.

ஜூலை 17, புதன். சோறு வைப்பதற்கு முன்பே நீலத் துணியை விரித்தேன். இடது உள்ளங்கை, புறங்கை, வலது. கட்டைவிரல் வெடிப்பு நேற்றுப் போலவேதான் இருந்தது. அரிப்பு ஆறு என்று பதிந்து, குறிப்புப் பெட்டியில் 'இன்று முதல் புதுக் கையுறை' என்று தட்டினேன்.