சிரிப்பு மன்றத்தில் ஒரு தேர்தல்

பீளமேட்டில் எங்கள் தெருமுனைப் பூங்காவில் காலையில் கூடிச் சிரிக்கும் இருபது பேரில் நானும் ஒருவன். கையைத் தூக்கிக்கொண்டு, காரணமே இல்லாமல், வயிறு குலுங்கச் சிரிப்போம். தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் விளையாட்டுத்தான். வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் ஒன்றாகச் சிரிக்க ஆரம்பிப்போம். கடைசியாக நிறுத்துகிறவர் தலைவர்.

கேட்க வேடிக்கையாக இருக்கும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரே ஐந்து வருடமாக ஜெயித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது நிமிடமே இருமத் தொடங்கிவிடுவார். ஆனாலும் அவருக்கு முன்னால் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொள்வார்கள். கேட்டால், "அண்ணங்கூடப் போயி போட்டி போட்டா நல்லாருக்குங்களா?" என்பார்கள். இந்த மரியாதையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தலைவருக்கு இருந்த ஒரே அதிகாரம், எத்தனை மணிக்குக் கூடுவது என்று சொல்வது. தனக்குப் பட்டறைக்குப் போக வசதி என்று ஐந்தரை மணி வைத்திருந்தார். எங்களில் ஓர் அக்கா, ஓய்வுபெற்ற நர்ஸ். அவர் கணவர் படுத்த படுக்கை. துணைக்கு வரும் பெண் ஆறரைக்குத்தான் வருவாள். அதன்பிறகு அக்கா ஓட்டமும் நடையுமாக வந்து சேரும்போது நாங்கள் கலைந்துகொண்டிருப்போம்.

"ஒரு நாளைக்கு நான் சிரிக்கறதுக்குன்னு இருக்கறது இந்த ஒரு எடந்தானுங்க தம்பி," என்று ஒருநாள் சொன்னார். நேரத்தை மாற்றச் சொல்லித் தலைவரிடம் கேட்டார். "பாக்கலாங்க அம்மணி," என்றார் அவர். இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

போன தையில் நான் வெடித்துவிட்டேன். இந்தக் கூத்து போதும், இனி ரகசியச் சீட்டுதான், அக்காவும் நிற்கட்டும் என்றேன். ஒவ்வொருவரையும் தனியாகப் பிடித்துப் பேசினேன். "அக்காவுக்கேதானுங்க, இதுல என்ன யோசனை," என்று எல்லோரும் சொன்னார்கள். தலைவரும் சிரித்தபடி ஒத்துக்கொண்டார். அக்கா வர வேண்டுமே என்று அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏழு மணிக்குக் கூடினோம்.

சீட்டு கொடுத்தார்கள். அவசரத்தில் நான் பேனா எடுத்துவரவில்லை. பக்கத்திலிருந்த தலைவர் தன் பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். "நான் எழுதிட்டேனுங்க, நீங்க எழுதுங்க கண்ணு," என்று மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

எண்ணினோம். அவருக்குப் பத்தொன்பது. அக்காவுக்கு ஒன்று.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. முதுகெலும்பில்லாத கூட்டம் என்று கத்தினேன். ஒருவரும் நிமிரவில்லை. ஒருவர் மட்டும், "மத்தவங்கெல்லாம் அக்காவுக்குப் போட்டுருவாங்க, அண்ணனுக்கு ஒண்ணுகூட உழாமப் போனா மனசு சங்கடப்படுமேன்னு..." என்று இழுத்தார். வெட்கமாக இல்லையா என்று அவரையும் பிடித்துத் திட்டினேன்.

அக்கா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "சத்தம் போடாதீங்க தம்பி," என்றார். "அந்த ஒரு சீட்டு நான் எழுதுனதுங்க."

பேனா மூடியோடு காத்து நின்றவர் முன்னால் நானும் அவர் பெயரைத்தான் எழுதியிருந்தேன்.

அக்கா கேட்டைத் தாண்டிப் போனார். தலைவர் என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடினார். "நாளைக்கு அஞ்சரைக்கே வந்துருங்க கண்ணு," என்றார்.

"சரிங்கண்ணா," என்றேன்.