உப்பின் மேல் போட்ட பழி

எனக்குப் பிபி வந்த நாளிலிருந்து ஆரணியில் ஆளாளுக்கு டாக்டராகிவிட்டார்கள். பதினாறு பவர்லூம் ஓடும் கொட்டகையில், அந்தச் சத்தத்துக்கு மேல் தொண்டை கிழியக் கத்தி வேலை வாங்குகிறவன் நான். கோபத்தைக் குறைத்தால் பிபி தானாகக் குறையும் என்று டீ கொண்டுவருகிறவர்கூடச் சொல்லிவிட்டுப் போவார். அதைக் கேட்டாலே எனக்குக் கோபம் ஏறும்.

கோபத்தை விட முடியவில்லை, உப்பை விட்டேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் போச்சு. இரண்டு பேருக்கு இரண்டு சமையலா என்று என் மனைவியும் அதே சப்பென்ற சோற்றையே சாப்பிட்டாள். அப்படியும் பிபி இறங்கித் தொலையவில்லை. ஒரு மாத்திரை மூன்றானது. கால் வேறு துவண்டுபோய், பஸ் படி ஏறுவதே பெரும்பாடாக இருந்தது.

எனக்குத் தெரியாமல் இவள்தான் உப்புப் போடுகிறாள் என்று முடிவு கட்டினேன். அவளுடைய அண்ணன் வந்திருந்த ஒரு மத்தியானம் தட்டைத் தள்ளிவிட்டு, "உங்க தங்கச்சி உப்பு போட்டே என்னைக் கொல்றா மச்சான்" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். பிறகு வரவேயில்லை. அன்றிலிருந்து குழம்பு கொதிக்கும்போதெல்லாம் அவள் என்னைக் கூப்பிட்டு அடுப்பருகே நிற்க வைத்தாள்.

கடைசியில் அவளையும் கூட்டிக்கொண்டு வேலூருக்குப் போனேன். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியில் ஒரு ஹார்மோன் சுரக்கிறதாம். அது மிஞ்சினால் உடம்பு உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும், பிபி ஏறும், கால் துவளும். அதுதான் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். ரிசல்ட்டில் பொட்டாசியம் குறைவு. ஆனால் அந்த ஹார்மோனும் குறைவு. வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இல்லை என்றேன். அவர் என் கன்னத்தையே பார்த்தார்.

"வாயில என்னங்க?"

அதிமதுரம். கத்திக் கத்திப் புண்ணான தொண்டைக்காக இரண்டு வருஷமாக, காலை முதல் சாயங்காலம் வரை கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்த வேர். நாட்டு மருந்துக் கடையில் வாங்கியதை மருந்து என்று சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை. என்ன புத்தியோ! ஹார்மோன் மிஞ்சினால் உடம்பு என்னென்ன செய்யுமோ, அத்தனையையும் அந்த வேரே செய்ய வைத்துவிடும் என்றார். துப்பச் சொன்னார். துப்பினேன்.

ஒரு மாதத்தில் பிபி இறங்கியது. கால் திடமானது. மூன்று மாத்திரை ஒன்றானது. டாக்டர் மாத்திரையைக் குறைத்த அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, இனிமேல் குழம்பில் கொஞ்சம் உப்புப் போடலாம் என்று பெரிய மனசு பண்ணிச் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அண்ணனுக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"அன்னிக்குக் கத்தின அதே சத்தத்துல சொல்லுங்க."